மாமாவின் புருவத்தில் இலவம்பஞ்சு

மாமாவின் இடது புருவத்தில் ஒரு துணுக்கு இலவம்பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று மூக்குக் கண்ணாடியின் மேல் விளிம்பில். நெற்றியில் இருந்தது திருநீறா பஞ்சா என்று சொல்ல முடியவில்லை. மடிப்புக் கலையாத அவருடைய கறுப்புக் கால்சட்டை, கோழி உரித்துவிட்டு வந்தவருடையதைப் போல இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி சிவகாமி சமையலறை வாசலில் இடியப்பத் தட்டோடு நின்றாள். மாமி எங்கள் ஒரு வயது மகளின் கண்களைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். பிள்ளை பார்க்கக் கூடாத காட்சி என்று நினைத்தாரோ என்னவோ.

கேசட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தவில்காரர் இடது பக்கம் ஓர் அடி போட்டால், நான் செய்த ஸ்பீக்கர் பெட்டியின் வாயிலிருந்து ஒரு கொத்துப் பஞ்சு வந்தது. இரண்டு அடி போட்டால் இரண்டு கொத்து. தாளம் தவறவில்லை.

மூளை உள்ள எவனும் ஓடிப்போய்க் கேசட்டை நிறுத்தியிருப்பான். நான் நின்ற இடத்திலேயே நின்று, 'அடடா, என்ன சுத்தமான சத்தம்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தலைமை எழுத்தரின் மௌனம்

சென்ற வாரம் என் கல்யாணக் கதையைப் பதிவு அலுவலகப் படிக்கட்டில் நிறுத்தியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்கு நான்கு வரி. நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். தாத்தா தண்டவாளத்துக்குக் கட்டை சுமந்தவர், அப்பா யார்டில் ரயில் பெட்டிகளைக் கோத்தவர். நான் சுங்கை வேயில் ரேடியோ செய்யும் ஃபேக்டரி ஒன்றில் டெக்னிஷியன். சிவகாமி அதே ஃபேக்டரியின் ஆபீசில் வேலை பார்த்தவள், கிள்ளானில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். அவளுடைய அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா என்பது அவர்தான்.

மாமா எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. "கட்டை சுமந்தவன்ட பேரனுக்கோ என்ர பிள்ளை" என்று கேட்டாராம். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இன்று எழுதும்போதும் தைக்கிறது, பொய் சொல்வானேன்.

அதன்பிறகு இரண்டரை வருடம் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போன் செய்வார். நான் எடுத்தால் "சிவகாமி" என்பார். அது பேச்சில் சேராது. கோப்பின் மேல் எழுதுகிற தலைப்பு மாதிரி. கோயிலில் எதிர்ப்பட்டுவிட்டால் பக்கத்தில் நிற்கும் மாமியிடம், "அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லும், சாமி மறைக்குது" என்பார். மாமி என்னைப் பார்ப்பார். நான் தள்ளி நிற்பேன்.

மகளுக்கு ஒரு வயது நிரம்பியபோதுதான் மாமியின் நச்சரிப்பு பலித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்திலிருந்து பதினொன்று வரை வருவார். பேத்தியைப் பார்ப்பார். தேத்தண்ணி கூட வேண்டாம். இப்படித்தான் எங்களுக்குத் தகவல் வந்தது.

கடைசி வரியைக் கேட்டுவிட்டுச் சிவகாமி அழுதாள். "அப்பா நம்ம வீட்ல ஒரு வாய் சாப்பிட்டாப் போதுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

உறவுக்காரர் வீட்டில் சாப்பிடாமல் எழுந்து போவதற்கு நம்மவர்களிடையே என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதை மாற்ற எனக்கு ஆறு வாரம் இருந்தது. புத்தியுள்ளவன் வீட்டுக்குச் சாயம் அடித்திருப்பான். நான் சப்வூஃபர் செய்வது என்று முடிவு செய்தேன்.

பிஸ்கட் டின்

இதில் ஒரு நியாயம் இருந்தது. மாமாவுக்குத் தவில் என்றால் உயிர். கோயில் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தவில்காரர்கள் வந்துவிட்டால், சாமியை விட்டுவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். அப்போது மட்டும் அவர் முகம் வேறு. வாய் லேசாகத் திறந்திருக்கும். விரல் தொடையில் தாளம் போடும். இந்த மனுசனிடம் பேசிவிடலாம் என்று எனக்குத் தோன்றிய ஒரே நேரம் அதுதான்.

கிள்ளான் வீட்டில் அவரிடம் இருந்தது ஒரு சின்ன டேப் ரெக்கார்டர். அதில் தவில் போட்டால் யாரோ பிஸ்கட் டின்னில் தட்டுவது போலக் கேட்கும். "மனுசன் கேக்கிற சத்தமோ உது" என்று சொல்லி அணைத்துவிடுவாராம்.

தவிலின் வலது பக்கத்தை விரலில் கூடு மாட்டி அடிப்பார்கள். அது எந்த ரேடியோவிலும் கேட்கும். இடது பக்கம் கம்பால் அடிப்பது. அந்தத் 'தொம்' காதுக்கு வருவதற்கு முன் வயிற்றுக்கு வந்துவிடும். சின்ன ஸ்பீக்கர் முழுங்கிவிடுவது அதைத்தான். அதைத் துப்ப வைப்பதற்கென்றே செய்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டிதான் சப்வூஃபர்.

கனத்த சத்தம் எனக்குப் பிறவிச் சொத்து. குவார்ட்டர்ஸில் எங்கள் அப்பா, கண்ணை மூடிப் படுத்தபடியே, தரை அதிர்வதை வைத்து எந்த எஞ்சின் வருகிறது என்று சொல்லிவிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு நான் வாடகைக்குப் பிடித்த வீடும் ரயில் பாதைக்குப் பின்னால்தான். வண்டி போனால் சாமி படங்கள் ஆடும். சிவகாமி முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு வண்டிக்கும் ஓடிப்போய்ப் பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஆணியை மாற்றினேன்.

அந்தத் 'தொம்'மை என் வீட்டு ஹாலில் மாமாவுக்குக் கேட்க வைத்தால் மனுசன் இளகுவார், இளகினால் சாப்பிடுவார். இதுதான் என் திட்டம். இன்றுவரை இதில் பெரிய பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மரக்கடையில் ஒரு சந்தேகம்

செய்முறை ஓர் இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்திருந்தது. ஃபேக்டரியில் சூப்பர்வைசர் மேசையில் கிடந்ததை எட்டுப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். அந்த வகைப் பெட்டிக்கு டிரான்ஸ்மிஷன் லைன் என்று பெயர்.

பெயர்தான் பெரிது, விஷயம் சின்னது. ஸ்பீக்கர் முன்பக்கம் போடுகிற அளவு சத்தத்தைப் பின்பக்கமும் போடுகிறது. சாதாரணப் பெட்டியில் பின்பக்கச் சத்தத்தை உள்ளேயே அடைத்துவிடுவார்கள். இதில் அதை ஒரு நீளமான பாதையில் நடக்க விட்டு, மற்றதெல்லாம் வழியிலேயே களைத்து விழுந்த பிறகு, கனத்த சத்தத்தை மட்டும் கடைசியில் ஒரு வாய் வழியாக வெளியே விடுவார்கள். பாதை ஒன்பது அடி. ஒன்பது அடியில் பெட்டி செய்தால் கூரையைப் பிரிக்க வேண்டும் என்பதால், உள்ளே பலகை வைத்து அதை மூன்றாக மடிப்பது. போஸ்ட் ஆபீஸில் கயிறு கட்டிக் கியூவை வளைப்பார்களே, அதேதான்.

நான் இந்த மாதிரிக் குறிப்புகளை எப்படிப் படிப்பேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். படம் பார்ப்பேன். அளவு பார்ப்பேன். பொடி எழுத்தில் இருப்பதெல்லாம் வேலை தெரியாதவர்களுக்காக எழுதியது என்று விட்டுவிடுவேன்.

பத்து அங்குல ஸ்பீக்கரை ஜாலான் பாசார் கடைத்தெருவில் வாங்கினேன். பலகை அறுத்துப் பெட்டி கோத்துக் கொடுத்தவர் சுங்கை வேயில் மரக்கடை வைத்திருந்த ஆ செங். அவர் என் படத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"பாஸ், இனி ரெபான் ஆயாம் கா?" என்றார். கோழிக்கூடா என்று கேட்கிறார்.

"ஸ்பீக்கர்லா" என்றேன்.

ஸ்பீக்கருக்குள் எதற்கு இத்தனை அறை என்று மலாயில் கேட்டார். நான் மலாயில் விளக்கினேன். பத்து நிமிடம் பொறுமையாகத் தலையாட்டினார். பெட்டியை லோரியில் ஏற்றும்போது, முட்டை எடுக்கக் கதவு வேண்டாமா என்று மறுபடி கேட்டார்.

இடுப்பு உயரத்துக்கு இருந்தது. ஹாலில் வைத்ததும் ஹால் பாதியானது. சிவகாமி இடுப்பில் பிள்ளையோடு அதைச் சுற்றி வந்தாள். "அப்பா வந்தா இதுக்குள்ளதான் உக்கார வைக்கப் போறீங்களா?" என்றாள்.

ஆட்டு முடி

பாதைக்குள் நீளமான ஆட்டுக் கம்பளியைத் தளர்வாக நிரப்ப வேண்டும் என்றது பத்திரிகை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊர் வெயிலில் கம்பளிக்கு என்ன வேலை.

மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு துணிக்கடையில் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேமரன் மலைக்கா போறீங்க? ஸ்வெட்டர் காட்டவா?" என்றார்.

செமினியில் ஆடு வளர்த்த முனியாண்டி அண்ணனைத் தேடிப் போனேன்.

"அண்ணே, ஆட்டு முடி வேணும்."

"கறியா?"

"கறி வேணாம்ணே. முடி மட்டும்."

அவர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பிறகு குரலைத் தணித்து, "வீட்ல யாருக்காச்சும் செய்வினை கிய்வினை வச்சிட்டாங்களா தம்பி?" என்றார். நான் இல்லை என்றதை அவர் நம்பவில்லை. ஆடுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் முடியும் என் இரண்டு நாள் தாடி அளவுக்குத்தான் இருந்தது.

மாமா வருவதற்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு மத்தியானம் வெறுத்துப்போய்ப் படுத்தேன். விடை என் தலைக்குக் கீழேயே இருந்தது.

அந்தத் தலையணைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் மாமி ரகசியமாக அனுப்பியவை. மாமாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும் என்று, கோயில் தோழி ஒருவர் மூலமாக, அரிசிச் சாக்கில் வைத்து, அரிசி என்று சொல்லியே அனுப்பியிருந்தார். மாமி கையால் தைத்த உறை. மூலையில் பச்சை நூலில் ஒரு மயில். உள்ளே இலவம்பஞ்சோடு கொஞ்சம் வெட்டிவேர் கலந்திருக்கும். தலை வைத்தால் அந்த வாசனை வரும். சிவகாமி முதல் நாள் அதில் முகத்தைப் புதைத்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

அதைத்தான் நான் பிரித்தேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். கம்பளியும் நார், பஞ்சும் நார் என்று எனக்குள் இருந்த விஞ்ஞானி சொன்னான். சிவகாமி பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோன நேரம் பார்த்து, இரண்டு தலையணைப் பஞ்சையும் பெட்டிக்குள் போட்டு, பலகையைத் திருகி மூடினேன். தலையணைக்குள் என் பழைய கைலிகளைச் சுருட்டித் திணித்து, இருந்தபடியே தைத்தும் வைத்தேன். சத்தத்தைக் குறைத்து வைத்துச் சோதித்துப் பார்த்தேன். பஞ்சு உள்ளே சமர்த்தாக இருந்தது.

மறுநாள் சிவகாமி கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "என்னான்னே தெரியலைங்க, கழுத்து திரும்ப மாட்டேங்குது."

"பிள்ளையைத் தூக்குறல்ல, அதான்" என்றேன்.

இரண்டு வாரம் தைலம் தேய்த்தும் விட்டேன். இப்படி ஒரு புருசன் கிடைக்குமா என்று பக்கத்து வீட்டு ஆன்டியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், பாவி மகள்.

பத்து முதல் பதினொன்று வரை

சரியாகப் பத்து மணிக்கு வந்தார்கள். "வாங்க மாமா" என்றேன். அவர் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்த சுவருக்குத் தலையசைத்துவிட்டு உள்ளே வந்தார்.

தலையணைகளை அன்றைக்கு மட்டும் ஒளித்து வைக்கச் சொல்லி மாமி முந்தின நாளே தகவல் அனுப்பியிருந்தார். சிவகாமி அலமாரிக்குள் வைத்துப் பூட்டும்போது, "என்னங்க, இவ்ளோ கனமா இருக்கு" என்றாள். "காத்துல ஈரம்" என்றேன்.

மாமா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். ஐந்து நிமிடம் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு பிள்ளை மாமியிடம் தாவிவிட்டது. மாமாவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. என்னைப் பார்க்கவும் கூடாது. கண்ணில் பட்டது முக்காலியில் கிடந்த என் ஜெராக்ஸ் கட்டு. எடுத்தார்.

வாழ்நாளெல்லாம் கோப்பு பார்த்த மனிதர். முதல் பக்கத்தில் தொடங்கி வரி விடாமல் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பெட்டியைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். விஷயம் புரியாத நான், மனுசன் அசந்துவிட்டார் என்று பூரித்துப்போனேன்.

"அப்பா, இடியப்பமும் சொதியும் வச்சிருக்கிறன். கொஞ்சம் சாப்பிடுங்கோவன்" என்றாள் சிவகாமி. என்னிடம் பேசுகிற தமிழ் வேறு, அப்பாவிடம் பேசுகிற தமிழ் வேறு அவளுக்கு.

"வேண்டாம் பிள்ளை. பதினொரு மணி பஸ் கிடக்கு."

மணி பத்தே முக்கால். அவள் தட்டோடு வாசலிலேயே நின்றாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கேசட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். நன்றாகவே கூட்டினேன்.

முதல் 'தொம்' வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாமா காகிதத்தைக் கீழே வைத்தார். வாய் லேசாகத் திறந்தது. விரல் தொடையில் விழுந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இன்னும் பத்துத் தலையணை பிரிப்பேன்.

தவில்காரர் வேகம் எடுத்தார். பஞ்சும் புறப்பட்டது.

மூன்று தும்மல்

ஆரம்பத்தில் விட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். மாமா தும்மினார்.

ஒற்றைத் தும்மல். முதன்முதலாக வந்த வீட்டில் ஒற்றைத் தும்மல் என்றால் சகுனம் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். மாமி கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டார். இரண்டாவது தும்மல் வந்தது. இரட்டை நல்லது, அப்பாடா என்று மூச்சு விட்டோம். உடனே மூன்றாவது வந்தது. மூன்றுக்கு என்ன பலன் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நான் அப்போதுதான் ஓடிப்போய்க் கேசட்டை நிறுத்தினேன்.

சத்தம் அடங்கியதும் வாசனை வந்தது. வெட்டிவேர் வாசனை. மாமி தன் தோளில் கிடந்த பஞ்சை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஐயோ, உது என்ர தலையணை" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமா மெதுவாகத் திரும்பினார். "உம்மட தலையணை இஞ்ச எப்பிடி வந்தது?"

மாமி கையிலிருந்த பஞ்சை முந்தானைக்குள் ஒளித்தார்.

"எப்ப அனுப்பினீர்?"

"கலியாணம் முடிஞ்சு மூண்டாம் மாசம்" என்றார் மாமி தரையைப் பார்த்து. "அரிசிச் சாக்குக்குள்ள."

சிவகாமி தட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். ஒரு தலையணையோடு வந்தாள். மயில் இருந்த மூலையைப் பிரித்து, உள்ளே கைவிட்டு இழுத்தாள். நீலக் கட்டம் போட்ட என் கைலி வந்தது. அதன் பின்னால் பச்சைக் கட்டம் போட்டது வந்தது.

"அதான் ரெண்டு வாரமா கழுத்து வலியா?" என்றாள் என்னிடம். "தைலம் வேற தேய்ச்சீங்க."

நான் அவளைப் பார்க்க முடியாமல் மாமாவைப் பார்த்தேன். இரண்டரை வருடம் அவர் கட்டிக் காத்த கோபம், அவர் வீட்டுக்குள்ளேயே மூன்று மாதம்தான் தாங்கியிருக்கிறது. அது அவருக்குப் புரிந்துகொண்டிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது, உண்மையாகவே. இனி எழுந்து போய்விடுவார், இந்த வாசலை மிதிக்க மாட்டார், இவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று பயந்தேன்.

மாமா எழுந்திருக்கவில்லை. குனிந்து ஜெராக்ஸ் கட்டை எடுத்தார். ஆறாம் பக்கத்தைப் புரட்டி, அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். பஞ்சு ஒட்டிய புருவத்தோடு நிமிர்ந்து பார்த்தார். சுவரை அல்ல, என்னை.

"தம்பி, கம்பளியை வலை போட்டுக் கட்ட வேணும் எண்டு இதில எழுதிக் கிடக்கு. நீர் வாசிக்கேல்லையோ?"

"பொடி எழுத்து மாமா. விட்டுட்டேன்."

"பொடி எழுத்திலதான் விசயம் கிடக்கும்."

"அப்பா, நீங்கள் இதை முதலே வாசிச்சனீங்களோ?" என்றாள் சிவகாமி.

"ஓம். கேசட் போட முதலே."

"பிறகு ஏன் சொல்லேல்லை?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க இன்னும் பஞ்சு ஒட்டியது.

"எப்பிடிச் சொல்லுறது? நான் அவரோட கதைக்கிறேல்லையே" என்றார்.

முதலில் சிரித்தது மாமி. பிறகு சிவகாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. மாமா சிரிக்கவில்லை. "அந்தத் தொம் நல்லாக் கிடக்கு. சத்தத்தைக் குறைச்சுத் திரும்பப் போடும்" என்றார் என்னிடம்.

பதினொரு மணி பஸ் போனது. அதற்கு அடுத்ததும் போனது. சிவகாமி ஒன்றும் கேட்காமல் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். தேங்காய்ப்பால் சொதியிலும் பஞ்சு விழுந்திருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஆறு இடியப்பம் சாப்பிட்டார். நான் எண்ணினேன்.

அடுத்த ஞாயிறு

அதன்பிறகு சிவகாமி என்னோடு நான்கு நாள் பேசவில்லை. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நான்கு நாளும் கைலித் தலையணையில் நான் படுத்தேன். கழுத்து வலி உண்மைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தெருவில் நாய் குரைத்தது. எட்டிப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து மாமா நடந்து வந்துகொண்டிருந்தார். மாமி பின்னால் வெறுங்கையோடு வந்தார். மாமாவின் தோளில் மடித்துப் போட்ட கொசுவலை. இரண்டு கக்கத்திலும் இரண்டு புதுத் தலையணை. சாக்கு இல்லை, பேப்பர்கூடச் சுற்றவில்லை. மூலையில் இருந்த பச்சை மயில் தெருவுக்கே தெரிந்தது. கிள்ளானிலிருந்து பஸ்ஸில் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். பக்கத்து வீட்டு ஆன்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்.

நான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். தோளைச் சரித்துக் கொசுவலையை என் கையில் விழச் செய்தார். "நுளம்பு வலை. பெட்டிக்கு" என்றார்.

தலையணைகளை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே போய், இரண்டையும் மகளின் கையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது பிள்ளையின்ர கழுத்துக்கு. நீர் இதில கை வைக்காதையும்."